அஞ்சலை வாங்கிய வசவு

செய்தி தொலைக்காட்சியில் வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "பழம்பெரும் நடிகை தேவமாலா சென்னையில் காலமானார்" என்று திரையின் அடியில் எழுத்து ஓட, மேலே அவளுடைய படத்தைக் காட்டினார்கள். கையில் சூலம், நெற்றி நிறையக் குங்குமம், பின்னால் நெருப்பு. "அய்யோ மாமி, அந்த அம்மன் செத்துட்டாங்களா?" என்றாள் என் மருமகள். "அம்மன் எங்க சாவுது? செத்தவ அஞ்சலை" என்றேன். சோற்றை வடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட நடித்தவர்கள், தவளக்குப்பத்தில் காரை மறித்துக் கும்பிட்டவர்கள், பத்திரிகை அட்டையில் வந்த அவள் படத்தைக் கிழித்துச் சாமி மாடத்தில் ஒட்டியவர்கள், எல்லாரும் ஆளுக்கொரு தேவமாலாவை வைத்திருக்கிறீர்கள். நான் வைத்திருப்பவள் வேறு. மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ பெரிய மனுஷியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். 'அவள்' என்றே எழுதுகிறேன். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் என் அத்தா வலைநூலும் கயிறும் தூண்டில்முள்ளும் விற்கிற கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. கடைக்கு எதிரில் கடலோரக் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையை இறக்கி விற்பார்கள். அதில் ஒருத்தி காசியம்மா. அவள் மகள்தான் அஞ்சலை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பதிந்த பெயர் அதுதான். தேவமாலா என்பது பிற்பாடு ஒரு தயாரிப்பாளர் வைத்தது. நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் அப்பாவைக் கூப்பிடுகிற முறையை அவள் கேலி செய்வாள். "ஒனக்கு அத்தா, எங்களுக்கு ஆத்தா. கொஞ்சம் இழுத்துச் சொன்னா ரெண்டும் ஒண்ணுதான்டி மைமூனு" என்பாள்.

காசியம்மாவின் வாய் எங்கள் பக்கத்தில் பேர்போனது. மீனைப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகிறவர்களைக்கூட விட்டுவிடுவாள், மகளை விடமாட்டாள். எழுந்தால் ஒரு வசவு, உட்கார்ந்தால் ஒரு வசவு. கழுதை, எடுபட்டவ, மூதேவி என்று வரிசையாக வரும். கைக்கு எட்டியது துடைப்பமாக இருந்தால் துடைப்பத்தாலும் ஒன்று விழும். அடித்த கையோடு குழம்பிலிருக்கிற நல்ல நடுத்துண்டமாக எடுத்து அஞ்சலையின் தட்டில் போடுவாள், மெல்லத் தின்கிறாள் என்று அதற்கும் திட்டுவாள். அஞ்சலை காதில் வாங்கிக்கொண்டே சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் குரல் உயர்த்திப் பேசுகிற வழக்கமே கிடையாது. அவர்கள் இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு படக்கம்பெனி எங்கள் கடற்கரைக்குப் பாட்டு எடுக்க வந்தது. மீன்காரி வேஷம் போட்ட பெண்ணுக்குத் தலையில் கூடை நிற்கவில்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த அஞ்சலையைக் கூப்பிட்டு, முதுகு தெரிகிற மாதிரி நடக்க மட்டும் சொன்னார்கள். நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் யாரும் சொல்லாமலே திரும்பிப் பார்த்தாள். டைரக்டர் காமிராவை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தியது காசியம்மா. "அடியே அஞ்சல, இங்க மீனு நாறிப் போவுது, அங்க இன்னாடி ஆட்டிகினு நிக்கிற" என்று கத்திக்கொண்டே காமிராவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். மொத்தக் கம்பெனியும் சிரித்தது. ஆனால் அந்தத் திரும்பிப் பார்த்த பார்வையைப் படத்தில் வைத்துக்கொண்டார்கள். அதை வைத்துத்தான் அவளை மெட்ராசுக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு நடித்தாள். கதாநாயகியின் தோழி, தங்கை, பிறகு கதாநாயகி. கரிக்கலாம்பாக்கம் சினிமாக் கொட்டகைச் சுவரில் அவள் முகத்தை ஒட்டியிருப்பார்கள். அந்தச் சுவரோரமாகவே காசியம்மா கூடையோடு நடந்து போவாள், ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள். அஞ்சலை ஊருக்கு வந்து காரிலிருந்து இறங்கும்போதே தொடங்கிவிடும். "இன்னாடி மூஞ்சி இது, சுண்ணாம்பு அடிச்சிகினு வந்துகீற. போயி கழுவு." கூட வந்த சினிமாக்காரர்கள் பதறுவார்கள். அஞ்சலை போய்க் கழுவுவாள். "அங்க எல்லாரும் மேடம் மேடம்னு குழையறாங்க. இங்க வந்து எங்கம்மாகிட்ட நாலு வாங்கினாத்தான் மைமூனு, நான் இன்னும் நானாத்தான் இருக்கேன்னு தெரியுது" என்று என்னிடம் சொன்னாள். அப்போது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. என் வீட்டுக்காரர்தான் அத்தாவின் கடையைப் பார்த்தார், ஆகையால் நான் அந்த வீட்டிலேயே இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அந்த அம்மன் படம் வந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கரிக்கலாம்பாக்கம் கொட்டகையில் ஜனங்கள் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். காசியம்மா அதுவரை மகள் நடித்த ஒரு படமும் பார்த்ததில்லை. துணைக்கு நான் வந்தால் வருகிறேன் என்றாள். அத்தாவிடம் கேட்டேன். "படந்தானே, பாத்துட்டு வா" என்றார்.

படத்தில் ஊரெல்லாம் அம்மை பரவுகிறது. ஒரு தாய் கோயில் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுகிறாள். கதவு திறந்து அம்மன் வெளியே வருகிறாள். திரை முழுக்க அஞ்சலையின் முகம். எதுவும் பேசவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அம்மனைக் கும்பிடாத வீட்டில் பிறந்த நானே மூச்சுவிட மறந்தேன். என் பலப்பத்தைப் பிடுங்கித் தின்றவள் அவள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் சின்னதாகிப்போனேன். எங்கிருந்து அப்படி ஒரு பார்வை அவளுக்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். காசியம்மா மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருந்தாள்.

படம் முடிந்து காசியம்மாவும் நானும் திரும்பினோம். எங்கள் கடை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது என் வயித்துலயா மைமூனு பொறந்துது? அத நான் வெளக்கமாத்தால அடிச்சிகீறேனே" என்றாள். சினிமாதானே, மேக்கப்தானே என்று நான் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. மறுநாள் காலையில் வீட்டிலிருந்த துடைப்பத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்தாள் என்று குப்பத்தில் சொன்னார்கள்.

அடுத்த முறை அஞ்சலை வந்தபோது நான் அங்கே இருந்தேன். காசியம்மா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, வாசலில் நின்று, "வாங்க தாயி" என்றாள். அஞ்சலை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "இன்னாம்மா இது, என் மூஞ்சில சுண்ணாம்பு கம்மியா கீதா?" என்றாள். காசியம்மா சிரிக்கவில்லை, குனிந்து காலைத் தொட்டாள். அஞ்சலை பின்னால் நகர்ந்த வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டாள். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், அழுதாள். ஒன்றும் பலிக்கவில்லை. மகள் பாயில் உட்கார்ந்தால் தாய் தரையில் உட்கார்ந்தாள். அஞ்சலை வரும் நாட்களில் அந்த வீட்டில் மீன் வாசனையே இருக்காது.

ஊர் சேதி கேட்கவே வேண்டாம். கூட்டு ரோட்டில் காரை மறித்து டயருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், டிரைவர் புலம்பிக்கொண்டே துடைப்பார். மீன் கேட்டு ஆள் அனுப்பினால், அம்மனுக்கு எப்படி மீன் விற்பது என்று குப்பத்தில் ஒருவரும் கொடுக்கவில்லை. மீன் குழம்பில் வளர்ந்தவள் பருப்புச் சாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிடுவாள். அம்மனைக் கும்பிடாத வீடு எங்களுடையது ஒன்றுதான். நான் சுறாப் புட்டு செய்து வைப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள். "எல்லாரும் என் காலையே பாக்கறாங்கடி, மூஞ்சியப் பாக்க ஆளு இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். மெட்ராசிலும் அதே கதைதான். படங்களை வெட்டி ஒட்டுகிற எடிட்டர் ஒருவர் அவளை விரும்பினார். அவருடைய அம்மாவோ, 'சூலம் வச்சிகினு நிக்கறவள மருமவளா கொண்டாந்து நான் எப்டி வேல சொல்றது' என்று கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டாராம். இதைச் சொல்லி அஞ்சலை சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அப்படி ஒரு மத்தியானம் அவள் எங்கள் வீட்டில் இருந்தபோது, செல்லிப்பட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அஞ்சலை கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். காலடியில் போட்ட பிள்ளையை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். "கொதிக்குதுடி" என்று என்னிடம் முணுமுணுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போ என்று அந்தப் பெண்ணிடம் நல்லபடியாகச் சொன்னாள். "அம்மா வந்திருக்கறப்ப ஊசி போடலாமா தாயே, ஆத்தா கோவிச்சுக்குவாளே" என்று அவள் அழுதாள்.

அஞ்சலை எழுந்து நின்றாள். பொட்டுகூட இல்லாத முகம், பழைய நூல் புடவை. ஆனாலும் அந்தப் பார்வை வந்தது, படத்தில் பார்த்த அதே பார்வை. "நான்தான் சொல்றேன். புள்ளைய இப்பவே பாண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஊசி போடுறப்ப நான் பக்கத்துல நிப்பேன்" என்றாள். அந்தப் பெண்ணின் அழுகை நின்றது. மறு பேச்சு இல்லாமல் அஞ்சலையின் காரிலேயே ஏறிப் போனாள். கார் மறைந்ததும் அஞ்சலை என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது பாவமாடி மைமூனு?" என்றாள். "புள்ள பொழச்சா அல்லா ஒன்னும் சொல்லமாட்டான்" என்றேன். பிள்ளை பிழைத்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ வேஷம் பொருந்தும். அன்றைக்கு அவள் போட்டுக்கொண்டு கழற்றிய வேஷத்தைப் போல நான் இன்னொன்று பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்ததன் பலன் சீக்கிரமே தெரிந்தது. இரண்டாவது அம்மன் படத்துக்கு மெட்ராசில் செட் போட்டுக்கொண்டிருந்தபோது அஞ்சலைக்கு அம்மை போட்டது. டாக்டரைக் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவள் டிரைவரிடம், ஊருக்குப் போ என்று மட்டும் சொன்னாளாம்.

குப்பம் அப்படியே அடங்கிப்போனது. அம்மனுக்கே அம்மா வந்திருக்கிறது என்றால் யாருக்கு என்ன சொல்ல வரும்? தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். எந்த வீட்டிலும் தாளிக்கவில்லை. அம்மை கண்ட உடம்பில் அம்மனே இறங்கியிருப்பதாக நம்பிக்கை. அம்மை கண்டவரைக் கடிந்து ஒரு சொல் சொன்னால் குடும்பம் தாங்காது என்பார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த முறைதான். இங்கே படுத்திருப்பவளோ தேவமாலா. காசியம்மா இளநீரையும் கூழையும் வாசற்படியில் வைத்துவிட்டு, கைகட்டி அந்தப் பக்கமே நிற்பாள். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் நான் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சுரத்தில் அவள் 'அம்மா, அம்மா' என்று பிதற்றுவாள். வெளியே நிற்கிற ஜனங்கள், அம்மன் தன் பெயரைத் தானே சொல்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவள் கூப்பிட்டது அவளைப் பெற்றவளை.

முத்து காய்ந்து உதிர்கிற சமயம் வந்தது. அந்த நேரத்தில் அரிப்பு உயிர் போகும். ஒரு மத்தியானம் நான் வேப்பங்கொத்தால் நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலை இடது கன்னத்தில் விரலை வைத்தாள்.

"சொறியாதீங்க தாயி. தழும்பு நின்னுடும்" என்றாள் காசியம்மா, படிக்கு அந்தப் பக்கமிருந்து.

அஞ்சலை சொறிந்தாள். அம்மாவையே பார்த்துக்கொண்டு சொறிந்தாள்.

"வாணாம் தாயி. ஒங்க கால்ல வுழறேன்."

நகம் இறங்கியது. ரத்தம் கழுத்து வரை வழிந்தது. நான் கையைப் பிடிக்கப் போனேன், என்னைத் தள்ளிவிட்டாள். கண் மட்டும் அம்மாவை விட்டு நகரவில்லை. அது படத்துப் பார்வை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கூடை ஓரம் நின்று, பசிக்குது என்று சொல்லாமல் நிற்கிற பார்வை.

காசியம்மா படியைத் தாண்டினாள். மகள் கையைப் பிடுங்கிப் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"மூதேவி. சொறியாதடின்னா ஒனக்கு காது கேக்காது? எத்தினி வாட்டிடி சொல்றது? மூஞ்சி போச்சின்னா எவன்டி ஒனக்கு சோறு போடுவான்? கழுத மாதிரி வளந்துகீறியே, புத்தி வந்துதா? பெத்தவ ஒருத்தி கல்லு மாதிரி நிக்கறேன், கண்ணு தெரியல ஒனக்கு?"

வெளியே நின்ற கூட்டம் இரண்டடி பின்னால் போனது. காசியம்மா தன் கையைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலை நகர்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்தாள். "இன்னும் திட்டும்மா" என்றாள். வானம் இடிந்து விழும் என்று எல்லாரும் காத்திருந்தோம், ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காசியம்மா முந்தானையால் மகள் கன்னத்தை ஒற்றிக்கொண்டே மெதுவாகத் தொடங்கினாள். பொழுது சாயும் வரை திட்டினாள். மெட்ராசில் ஒழுங்காகச் சாப்பிடாததற்கு, எலும்பாகிப் போனதற்கு, யாரோ பெற்ற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நோயை வாங்கி வந்ததற்கு, எல்லாவற்றுக்கும். நடுவில் எழுந்து வெளியே போன நான் கிணற்றடியில் நின்று அழுதேன்.

தழும்பு நின்றுவிட்டது. இடது கன்னத்தில் நல்ல பள்ளம். மேக்கப்காரர் என்னென்னவோ வைத்து நிரப்பிப் பார்த்தார், விளக்கு பட்டதும் காட்டிக்கொடுத்தது. அம்மன் முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கக் கூடாதாம். அந்த வேஷத்துக்கு வேறு ஒருத்தியைப் போட்டார்கள். உச்சத்தில் இருந்தவளுக்கு இப்படி ஒரு துரதிர்ஷ்டமா என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு அவள் நடித்ததெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா, நர்சு, அத்தை வேஷங்கள். அந்த எடிட்டரையே கட்டிக்கொண்டாள், மாமியார் தாராளமாக வேலை சொன்னார். ஊரில் காரை மறிப்பது நின்றது. காசியம்மா வீட்டில் மறுபடி மீன் கொதித்தது, புதுத் துடைப்பமும் வந்தது.

எனக்கு மனம் கேட்கவில்லை. எத்தனை லட்சம் ஜனங்கள் கும்பிட்ட முகம் அது. "தெரிஞ்சேதான் சொறிஞ்சியாடி?" என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் சங்கரா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். "அரிச்சுதுடி" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை. முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு துண்டம் போடு" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் காசியம்மா படுத்த படுக்கையானாள். அஞ்சலை ஷூட்டிங்கிலிருந்து பாதியில் கிளம்பி ஓடி வந்தாள். காசியம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். "இன்னாடி இது கோலம், தலைக்கு எண்ண வைக்காம" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. துக்கம் கேட்க வந்த சினிமாக்காரர்கள், அம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று அஞ்சலையைக் கேட்டார்கள். ஏதாவது ஆசீர்வாதமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவள் அந்த வசவை ஒரு எழுத்து விடாமல் எல்லாரிடமும் சொன்னாள். அவளுக்கு விருது கொடுத்தபோதுகூட முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்க்கவில்லை.

தெய்வத்தை இழந்தோம் என்று நேற்றிலிருந்து எழுதுகிறார்கள், சூலத்தோடு இருக்கிற படத்தைத்தான் எங்கும் போடுகிறார்கள். எழுதுகிறவர்கள் எழுதட்டும். அவளுடைய புடவையோ நகையோ கையெழுத்துப் போட்ட படமோ என்னிடம் எதுவும் இல்லை. அவள் கன்னத்தைச் சொறிந்த அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். திட்டியவள் போய்விட்டாள், அதை வாங்கிக்கொள்ள முகத்தைக் கொடுத்தவளும் போய்விட்டாள். 'மூதேவி' என்று தொடங்கி 'கண்ணு தெரியல ஒனக்கு' என்பது வரைக்கும் அந்த வசவு எனக்கு மனப்பாடம். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.